வர்ணம் கெடாமல் ஸ்டிக்கரைப் பிரிப்பது

புனே நகரத்துக்கு மேற்கே, வாகட் பாலத்தைத் தாண்டிச் செல்லும் சாலையில், மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் மூன்று கட்டங்களாக அமைத்த ஹிஞ்சேவாடி கணினித் தொழிற்பேட்டையின் வாசல்களில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்ப்பவருக்கு, உள்ளே நுழையும் மோட்டார் சைக்கிள்களில் அவற்றின் சொந்தக்காரர்களுடைய சரித்திரம் முழுவதும் எழுதியிருப்பதுபோலத் தோன்றும். நம்பர் பிளேட்டில் தமிழ்நாடு. டேங்கின் மேல் வேலும் மயிலும். சைடு பேனலில் மஞ்சள் நிறச் சிங்கம். முன்புறத்து மட்கார்டில் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தின் வாகன அனுமதிச் சீட்டு, அதன் மேல் இரண்டாவது நிறுவனத்தின் சீட்டு, அதற்குப் பக்கத்தில் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் சீட்டு. பின்னால் வண்டியை விற்ற கடையின் பெயர். உள்ளூர் வண்டிகளில் சத்திரபதி சிவாஜி மகாராஜாவின் திருவுருவமும் காவிக் கொடியும் விளங்குகின்றன. வேலை மாறும்போதும், வீடு மாறும்போதும், வண்டியை விற்க நேரும்போதும் இவற்றில் சிலவற்றை எடுத்தாக வேண்டிய அவசியம் வருகிறது. எடுக்கப்போகிற இடத்தில்தான் வர்ணம் பாழாகிறது.

இந்த விஷயத்தை நான் ஆராயத் தலைப்பட்டதற்குக் காரணம் என் தமக்கையின் மகன். கோவில்பட்டியிலிருந்து ரயிலில் வைக்கோலும் கோணியும் சுற்றி அனுப்பப்பட்டு, ஒரு கீறலும் இல்லாமல் புனே வந்து சேர்ந்த அவனுடைய வண்டி, ஐந்து வருஷம் ஓடிய பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அழகை இழந்தது. "தின்னர் தொட்டுத் துடைச்சா ஒரு நிமிஷத்துல போயிடும்னு சொன்னாங்க மாமா" என்றான். ஸ்டிக்கர் போனது உண்மை. ஆனால் முகப்பு விளக்கைச் சுற்றியிருந்த கருப்புப் பிளாஸ்டிக் மூடி வெளுத்துச் சொரசொரப்பாகி, சாம்பல் பூத்த கரியைப் போல நின்றது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் தின்னர் தடவிப் பார்த்தது தொழிற்சாலை வர்ணம் பூசிய இரும்பு டேங்கின் மேல். இவன் தடவியது வர்ணமே பூசாத பிளாஸ்டிக்கின் மேல். ஸ்டிக்கர் எடுப்பதைப் பற்றி ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகள் அனைத்தும் எந்தத் திரவத்தைத் தடவுவது என்ற கேள்வியிலேயே ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது என்ன என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். அதற்கு விடை தெரிந்தால் திரவத்தைப் பற்றிய விடை தானாகவே பின்தொடர்ந்து வரும்.

ஒட்டியதைப் பிரிக்கும்போது வர்ணம் உரிவது புதிய துன்பமும் அல்ல. சுமார் நூறு வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் இரட்டை வர்ணக் கார்கள் மிகவும் விரும்பப்பட்டன. ஒரு நிறத்தை அடிக்கும்போது மற்றொரு நிறத்தை மறைப்பதற்காகப் பெயிண்டர்கள் காகிதத்தை வலுவான பசையிட்டு ஒட்டுவார்கள். வேலை முடிந்து காகிதத்தை இழுத்தால் புதிதாக அடித்த வர்ணமும் கூடவே வந்துவிடும். செயிண்ட் பால் நகரத்துப் பட்டறையொன்றில் இந்தக் கஷ்டத்தை நேரில் கண்ட ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், அப்போது உப்புத்தாள் செய்து விற்றுக்கொண்டிருந்த த்ரீ எம் நிறுவனத்தின் ஊழியர். பிடிக்கவும் வேண்டும், பிறகு தடயமின்றி விடவும் வேண்டும் என்ற இரு குணங்களையும் ஒரே பசையில் சேர்க்க அவர் செய்த முயற்சியின் பலனாக 1925-இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. பத்து வருஷம் கழித்து, 1935-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஸ்டாண்டன் ஏவரி என்பவர் தண்ணீரோ வெப்பமோ இல்லாமல் விரலால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் விலைச்சீட்டைச் செய்து விற்கத் தொடங்கினார். பொருளில் கறைபடாமல் சுத்தமாக உரிந்து வரும் என்பதே அதன் விசேஷம். நிறுவனத்துக்கு அவர் இட்ட முதல் பெயரும் அதே பொருள் தருவதுதான். ஆகவே இன்று நம்மைத் தவிக்கவைக்கும் ஸ்டிக்கரின் மூதாதையர் இருவருமே, உரித்தால் சேதம் வரக்கூடாது என்ற நோக்கத்தோடு படைக்கப்பட்டவர்கள். பசையின் பிறவிக்குணம் கெட்டதன்று. வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டுவைப்பதனாலேயே அது கெட்டுப்போகிறது.

இப்போது வர்ணத்துக்கு வருவோம். ஹிஞ்சேவாடியிலிருந்து அதிக தூரத்தில் இல்லாத ஆகுர்டியிலும் சாக்கணிலும், நம் பக்கத்தில் ஓசூரிலும் ஒரகடத்திலும் உள்ள பெரிய தொழிற்சாலைகளில், இரும்புப் பாகங்கள் முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிப்பாட்டப்படுகின்றன. பின்பு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும், அதன் மேல் நிறம் தரும் பூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடிபோலத் தெளிந்த கிளியர் கோட்டும் பெற்று, அடுப்பில் சுமார் 140 டிகிரி உஷ்ணத்தில் வெந்து கெட்டிப்படுகின்றன. இத்தனை படலங்களும் சேர்ந்த கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனைவிடச் சற்றே அதிகம். அதிலும் வெயிலையும் உராய்வையும் தாங்கிக்கொள்ளும் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான்தான். நாம் தேய்ப்பதும் சுரண்டுவதும் பளபளப்பாக்குவதும் அந்தத் தலைமயிரில் பாதிக் கனத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், சமையலறைக் கத்தியையோ சவரப் பிளேடையோ அதன் பக்கத்தில் கொண்டுபோக யாருக்கும் கை எழாது.

இந்தப் படலங்களின் வரிசையில் ஸ்டிக்கர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நிறுவனத்தின் பெயரும் கோலங்களுமாக டேங்கில் காணப்படும் அலங்காரங்கள் பல வண்டிகளில் கிளியர் கோட்டுக்கு மேலே ஒட்டப்பட்டவை. வேறு சில வண்டிகளிலோ நிறப்பூச்சின் மேல் ஒட்டி, அதன் மேலேயே கிளியர் கோட்டை அடித்து மூடிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்து இதைத் தெரிந்துகொள்வது கடினம். விரல் நகத்தை ஓரத்தின் குறுக்காக மெல்ல ஓட்டினால் உடனே தெரியும். நகம் தட்டினால் மேலே இருக்கிறது, எடுக்கலாம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீழே புதைந்திருக்கிறது. உப்புத்தாளால் கிளியர் கோட்டை அறுத்தெடுத்து மறுபடி வர்ணம் அடித்தாலன்றி அது வராது. அதை விட்டுவிடுவதே விவேகம். திருவொற்றியூரின் என்பீல்டு தொழிற்சாலையில் வெகுகாலம் இரு சகோதரர்கள் தூரிகை பிடித்து டேங்குகளில் பொன்னிறக் கோடுகளை வெறுங்கையால் இழுத்துவந்தார்கள். அத்தகைய கோடுள்ள பழைய டேங்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவர்கள் மிகுந்த ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும். அந்தக் கோடு போனால் திரும்ப வராது.

பட்டறையில் மறுவர்ணம் பூசிய வண்டிகளின் கதை வேறு. எங்காவது விழுந்தோ இடிபட்டோ டிங்கரிங் பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்த டேங்குக்கு, தொழிற்சாலை அடுப்பின் வேக்காடு கிடைப்பதில்லை. காற்றில் உலர்ந்ததோ, குறைந்த சூட்டில் காய்ந்ததோதான். அடியில் சரியாக உப்புத்தாள் தேய்க்காமல் அவசரமாக அடித்திருந்தால், ஸ்டிக்கரின் பசைக்கும் வர்ணத்துக்கும் உள்ள பிடிப்பு, வர்ணத்துக்கும் இரும்புக்கும் உள்ள பிடிப்பைவிட அதிகமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு நிதானமாக இழுத்தாலும் ஏடு ஏடாக வர்ணம் வரும். பழைய வண்டியாக வாங்கியவர்கள் இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு: டேங்கின் அடிப்புறத்தில் வர்ணம் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கும், ரப்பர் விளிம்பிலும் போல்ட்டின் தலையிலும் நிறம் பட்டிருக்கும், ஸீட்டைக் கழற்றிப் பார்த்தால் மறைவிடத்து நிறமும் வெளியிடத்து நிறமும் ஒத்துப்போகா. நாம் உபயோகிக்க நினைக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் தொட்டு, ஸீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் தேய்ப்பது இன்னொரு பரீட்சை. துணியில் நிறம் இறங்கினால் அந்தத் திரவம் அந்த வண்டிக்கு ஆகாது. ஒரு நிமிஷத்தில் முடியும் இந்தப் பரீட்சையைச் செய்யாததாலேயே பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன.

ஸ்டிக்கரிலும் ஜாதி உண்டு. காகிதத்தால் ஆனது தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் கால் மணி நேரம் போட்டுவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். வினைல் என்று சொல்லப்படும் பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்குள் ஒரு சொட்டும் புகாது. புதியதாக இருக்கும்போது தோலைப்போல இழுபடுகிற அந்த வினைல், அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச்சத்து வெயிலில் வெளியேறிய பிறகு, காய்ந்த பனையோலைபோலச் சிறு சிறு துண்டுகளாக உடைகிறது. மூன்றாவது வகைதான் ஹிஞ்சேவாடிக்குப் பிரத்தியேகமான தொந்தரவு. ஒரு வண்டியின் அனுமதிச் சீட்டைப் பிரித்து இன்னொரு வண்டியில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, இழுத்தவுடன் பொடிப்பொடியாகச் சிதையும்படியே செய்யப்பட்ட ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. காவலுக்கு அவை உகந்தவை, வர்ணத்துக்குப் பகை. அவற்றை முழுதாக எடுப்போம் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிட்டு, சூடும் எண்ணெயுமாக இரண்டு மூன்று தவணைகளில் எடுப்பதாக மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

எந்த முறையைக் கையாள்வதானாலும் முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். ஹிஞ்சேவாடியில் மெட்ரோ ரயில் பாதைக்கும் புதிய கட்டிடங்களுக்குமாக வருஷக்கணக்கில் வேலை நடந்துவந்ததில், சிமெண்டுத் தூளும் கல் தூளும் கலந்த தூசி படியாத வண்டி அங்கே கிடையாது. அந்தத் தூசியின் மேல் துணி வைத்துத் தேய்ப்பதற்கும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்கும் அதிக வித்தியாசமில்லை. நிறையத் தண்ணீர் விட்டு, வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூவால் கழுவி, மிருதுவான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பட்டறைகளில் கிடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் இதற்கு நல்லதுதான். ஆனால் தையல் மடிப்பும் பட்டனும் இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உஷ்ணம். நான் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் அறிந்த உபாயங்களில் முதல் இடம் இதற்கே. பசை என்பது திடப்பொருளுமன்று, திரவமுமன்று. இரண்டின் சுபாவமும் கலந்தது. குளிரில் அது கண்ணாடிபோல விறைக்கிறது, இதமான சூட்டில் தேன்போல இளகுகிறது, அளவுக்கு மீறிச் சுட்டால் தனக்குள்ளேயே பிளந்து பாதி ஸ்டிக்கரோடும் பாதி வர்ணத்தோடும் தங்கிவிடுகிறது. ஆகையால் வேண்டுவது நடுவான சூடு: புறங்கையை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் கையை உடனே எடுத்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. தலைமயிர் உலர்த்தும் ஹேர் டிரையர் இந்தச் சூட்டைத் தருவதற்குப் போதுமானது. ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே ஒரு நிமிஷம் காட்டினால் போதும். அது இல்லாதவர்கள், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை மூன்று நான்கு தடவை மாற்றி மாற்றிப் போடலாம். சித்திரை வைகாசியில் புனே வெயிலில் அரை மணி நேரம் நின்ற டேங்குக்கு இது எதுவும் தேவையில்லை. சூரியனே வேலையைச் செய்து வைத்திருப்பான். மார்கழிக் காலையில், குளிர் 10 டிகிரியை நெருங்கும் நேரத்தில், அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் ஸ்டிக்கரைப் பிய்ப்பதைப்போல் தவறான காரியம் வேறில்லை.

இளகிய பிறகு ஒரு மூலையை நகத்தாலோ, காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பாலோ தூக்க வேண்டும். தூக்கிய மூலையை வர்ணத்திலிருந்து நேர்மேலாக வெளியே இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. அப்படி இழுக்கும்போது முழு விசையும் வர்ணத்தைப் பெயர்க்கிற திசையில் போகிறது. அதற்குப் பதிலாக, ஸ்டிக்கரைத் தன் மேலேயே மடித்து, பரப்புக்கு ஏறக்குறையச் சமாந்தரமாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வேகம் மிக முக்கியம். பசைக்கு இளகி விடுபடுவதற்கு அவகாசம் தர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அது விறைத்துக்கொண்டு எதிர்க்கும், மெல்ல இழுத்தால் நூல் நூலாக நீண்டு விட்டுக்கொடுக்கும். கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, சில விநாடிகளுக்கு ஒரு விரற்கடை என்ற கணக்கில் போனால் சரியாக இருக்கும். நடுவில் பிடிப்பு இறுகினால் நிறுத்தி, மறுபடி சூடு காட்டித் தொடர வேண்டும். கனமான பிளாஸ்டிக் எழுத்துகளும் சின்னங்களும் மடங்காதவை ஆதலால், சூடு காட்டிய பின் தூண்டில் நரம்பை அடியில் செலுத்தி, இரண்டு கையாலும் ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பசை அறுபட்டுச் சின்னம் கையோடு வந்துவிடும்.

பட்டறைகளில் உபயோகிக்கும் ஹீட் கன் என்னும் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அதன் வாயில் உஷ்ணம் 300 டிகிரிக்கு மேலும் போகும். கிளியர் கோட் கொப்புளித்துப்போவதற்குச் சில விநாடிகள் போதும். பிளாஸ்டிக் பாகங்கள் நெளிந்துவிடும். அதைவிடப் பெரிய அபாயம், மோட்டார் சைக்கிளில் நாம் சூடு காட்டும் இடம் பெட்ரோல் டேங்காக இருப்பதுதான். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் பதார்த்தம். காலியான டேங்கு ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் பிழை, ஏனெனில் திரவம் குறைந்த டேங்கில் காற்றும் ஆவியும் கலந்திருக்கும். மூடியை இறுக்கி, திறந்த வெளியில், ஹேர் டிரையரை மூடியின் துவாரத்துக்கு விலக்கிப் பிடித்துச் செய்ய வேண்டும். அதுவும் மனத்துக்கு ஒப்பாதவர்கள் டேங்கின் மட்டில் வெந்நீர்த் துண்டோடு நின்றுவிடலாம். துளையிடும் மெஷினில் மாட்டிச் சுழற்றும் ரப்பர் சக்கரம் ஒன்றும் கடைகளில் இருக்கிறது; பழகிய கையில், தொழிற்சாலை வர்ணத்தின் மேல், அது வெகு விரைவாக வேலை செய்யும். பழகாதவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்டிக்கர் போன பின் மிஞ்சும் பசைதான் ஜனங்களைப் பொறுமை இழக்கச் செய்வது. இங்கேயும் திரவத்துக்கு முன் செய்ய வேண்டிய எளிய காரியம் ஒன்று உண்டு: உரித்த ஸ்டிக்கரையே, அல்லது ஒரு துண்டு டேப்பை, மிஞ்சிய பசையின் மேல் அழுத்தி அழுத்தி எடுத்தால், பசை பசையோடு சேர்ந்து வந்துவிடும். அதற்கும் மிஞ்சியதற்கே திரவம். திரவங்களில் சாதுவானதிலிருந்து ஆரம்பித்துக் கடுமையானதை நோக்கி ஒவ்வொரு படியாகப் போவது ஒன்றுதான் அனுஷ்டிக்கத்தக்க விதி.

முதற்படி நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய். எவர்சில்வர் பாத்திரத்தின் கடை ஸ்டிக்கரை எடுக்க நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வைத்தியம் இது. வர்ணத்தையோ பிளாஸ்டிக்கையோ சற்றும் தீண்டாமல் பசைக்குள் ஊறி அதை உப்பவைத்து உதிர்க்கிறது. ஊறுவதற்கு அரை மணி நேரமாவது வேண்டும் என்பது ஒன்றே அதன் குறை. புனேயின் குளிர்காலக் காலையில் அது உறைந்து போயிருக்கும் ஆதலால், வெயில் ஏறிய பிறகு உபயோகிப்பது நலம். அடுத்தபடி நீலகிரித் தைலம். ஊட்டிக்குப் போய் வருபவர்கள் ஜலதோஷத்துக்காக வாங்கிவரும் அந்தச் சிறு சீசாவில், யூகலிப்டஸ் இலையின் ஸினியோல் என்ற சத்து, கெட்டியான பசையையும் சில நிமிஷங்களில் கரைக்கும் ஆற்றலோடு இருக்கிறது. தொழிற்சாலை வர்ணத்தில் அதை நான் பலமுறை உபயோகித்து ஒரு குறையும் கண்டதில்லை; பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் மறைவிடத்தில் பரீட்சித்த பிறகே தொட வேண்டும், அதிக நேரம் ஊறவிடவும் கூடாது. மண்ணெண்ணெயும், கடைகளில் கிடைக்கும் டபிள்யூ டி 40 போன்ற தெளிப்பான்களும் ஏறக்குறைய இதே படியில் சேர்ந்தவை. நன்றாக வேலை செய்யும், வழவழப்பான படலத்தை விட்டுப்போகும், அதைச் சோப்பால் கழுவியாக வேண்டும். அதற்கும் மேற்படி ஐசோபுரோபைல் ஆல்கஹால். துணியில் தொட்டு ஒற்றித் துடைத்துவிடலாம், ஊறவிடக் கூடாது.

பெட்ரோலைப் பலரும் தொட்டுத் துடைக்கிறார்கள், அது வண்டியிலேயே இருக்கிறது என்ற சௌகரியத்தால். தொழிற்சாலை வர்ணம் சிந்திய பெட்ரோலைச் சிறிது நேரம் தாங்கும் என்பது மெய்யே. ஆனால் பட்டறை வர்ணம் தாங்காது. தீ அபாயம் இருக்கிறது. அதிலுள்ள பென்சீன் மூச்சில் போவதும் தோலில் படுவதும் உடம்புக்குக் கேடு. தேங்காய் எண்ணெய் செய்யும் வேலைக்குப் பெட்ரோலைக் கொண்டுவர வேண்டிய காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் ஸ்டிக்கரை எடுக்கும் பொருள்களே அல்ல, வர்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் பொருள்கள். பெயிண்டர் வர்ணம் தெளிக்கும் தன் துப்பாக்கியைக் கழுவ வைத்திருக்கும் திரவத்தை, அவர் அடித்த வர்ணத்தின் மேலேயே தடவுவது எவ்வகையில் பொருந்தும்? பல் தேய்க்கும் பேஸ்டும் சமையல் சோடாவும் அபாயமற்றவை என்று நினைப்பவர்களும் உண்டு. அவை பசையைக் கரைப்பதில்லை. தம்மிடமுள்ள நுண்ணிய துகள்களால் அராவுகின்றன, பசையோடு கிளியர் கோட்டையும் சேர்த்து.

பிளாஸ்டிக் பாகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹிஞ்சேவாடியில் அனுமதிச் சீட்டுகள் பெரும்பாலும் ஒட்டப்படுவது, வாசல் காவலருக்கு எதிரே தெரிவதற்காக, விளக்கு மூடியிலும் முன் மட்கார்டிலும் முகப்புக் கண்ணாடியிலும்தான். இவை பெரும்பாலும் பிளாஸ்டிக். மூடிகளுக்குப் பெரிதும் உபயோகமாகும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் நகப்பூச்சு நீக்கியின் அசிட்டோனில் கரைந்தே போகும். விளக்கின் முகப்பான பாலிகார்பனேட் கரையாவிட்டாலும், கரைப்பான் பட்டவுடன் சிலந்திவலைபோல் உள்ளுக்குள் வெடிப்புக் காணும். அந்த வெடிப்பு எந்தப் பாலிஷாலும் போகாது. சில வண்டிகளில் டேங்க் என்று நாம் நினைப்பதே இரும்பு டேங்கை மூடிய பிளாஸ்டிக் உறைதான்; விரலால் தட்டிப் பார்த்தால் ஓசையில் தெரிந்துவிடும். இந்த இடங்களுக்கெல்லாம் வெந்நீர்த் துண்டும் தேங்காய் எண்ணெயும் தவிர வேறெதுவும் தேவையில்லை. சமீபகாலத்தில் எல்லாரும் விரும்புகிற பளபளப்பற்ற மேட் வர்ணமும் அவ்வாறே ஜாக்கிரதையைக் கோருவது. சாதாரண வர்ணத்தில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சமன்செய்யலாம். மேட் வர்ணத்தில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மாத்திரம் பளபளத்து, போகாத கறையாகிவிடும். அழுத்தித் தேய்ப்பதுகூட அதற்கு ஆகாது.

எல்லாம் சரியாக முடிந்து, கழுவித் துடைத்த பிறகும், ஸ்டிக்கர் இருந்த இடத்தில் அதே உருவம் நிழல்போலத் தெரிவதுண்டு. இதைச் சேதமென்று எண்ணி மேலும் தேய்த்து உண்மையான சேதத்தை வருவித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வர்ணம் கெடவில்லை; ஸ்டிக்கரின் நிழலில் அது மட்டும் புதிதாகவே இருக்கிறது, சுற்றியுள்ள பரப்புதான் சூரியனின் புற ஊதாக் கிரணங்களில் வெளுத்திருக்கிறது. கருப்பு வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது, சிவப்பில் நன்றாகத் தெரியும். ரப்பிங் காம்பவுண்டைச் சுற்றுப்புறத்தில் மெல்லத் தேய்த்தால் மேலே மங்கிய படலம் போய் வித்தியாசம் குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் கழிகிறது என்பதால் அதை ஒருமுறைக்கு மேல் செய்வது உசிதமன்று. கடைசியாக மெழுகுப் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசி, மிச்சத்தைக் காலத்துக்கு விட்டுவிடலாம். சில மாத வெயிலில் அந்த இடமும் சற்றுச் சற்றாக மங்கிச் சுற்றுப்புறத்தோடு நெருங்கும்.

எடுக்கவேண்டியவை, எடுக்கக்கூடாதவை என்ற பாகுபாடும் உண்டு. பத்திரிகை, போலீஸ், வழக்கறிஞர், மருத்துவர் என்று வண்டிகளில் ஒட்டிக்கொள்வதைத் தடுத்துச் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, சென்னையில் வண்டி வைத்திருந்த பலருக்கு இந்தக் கலை திடீரென்று அவசியமாயிற்று. நம்பர் பிளேட்டின் மேல் எதை ஒட்டியிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஆனால் 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புப் பிளேட்டில், ஒளியைத் திருப்பியனுப்பும் மேற்படலமும் ஹாலோகிராமும் இருப்பதால், அங்கே சுரண்டலும் கூடாது, கரைப்பானும் கூடாது. செயின், டயர்க் காற்று முதலியவற்றைப் பற்றிக் கம்பெனியார் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டுகளை அழகுக்காக எடுப்பதும் விவேகமாகாது. வேறு மாநிலத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அப்படி நம்பர் மாற்றுபவர்கள், பழைய நம்பரை டேங்கிலோ மட்கார்டிலோ ஸ்டிக்கராக எழுதி ஒட்டியிருந்தால், அதையும் அதே சமயத்தில் எடுத்துவிடுவது பின்னால் வரும் விசாரணைகளைத் தவிர்க்கும்.

என் மருமகனுடைய வண்டியில் எஞ்சியிருந்த நான்கு ஸ்டிக்கர்களையும், அடுத்து வந்த ஒரு விடுமுறை நாளில், வெந்நீர்த் துண்டும் தேங்காய் எண்ணெயும் கொண்டு அவனே எடுத்தான். இரண்டரை மணி நேரம் பிடித்தது. வர்ணத்தில் ஒரு மாசும் நேரவில்லை. தின்னர் பட்டு வெளுத்த மூடியை மாத்திரம் புதிதாக வாங்கி மாட்ட வேண்டியிருந்தது.

ஹிஞ்சேவாடியில் அனுமதிச் சீட்டு வழங்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளிடமும் குடியிருப்பு வளாகங்களின் காரியதரிசிகளிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் காலாவதியாகப்போகும் சீட்டைப் பத்து வருஷம் ஓட வேண்டிய வண்டியின் உடம்பில் ஒட்டச் சொல்லாதீர்கள். பையில் வைத்துக் காட்டும் அட்டையாகக் கொடுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நம்பர் பிளேட்டுக்கு அருகில் போல்ட்டால் முடுக்கிய ஒரு சிறு தகட்டின் மேல் ஒட்டிக்கொள்ள அனுமதியுங்கள். வேலையை விட்டுப் போகிறவன் ஒரு ஸ்பேனரால் அதைக் கழற்றி வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போவான்.